செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஏழாம் வாடிக்கையாளர்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஏலப்பாறையில் நான் நடத்திவந்த பலசரக்குக் கடையின் இரும்புக் கதவை இறக்கிய பின்னர், என்னை ‘அண்ணாச்சி’ என்று அழைத்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. அந்தச் சொல் கடைக்கு உரியது. கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவனுக்கு அது இரவலாகக் கிடைக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளான எஸ்டேட் லயங்களிலிருந்து பொருள் வாங்க இறங்கி வருவோர் இப்போது பேருந்து நிலையத்தருகே திறந்திருக்கும் பெரிய கடைக்குச் செல்கின்றனர். வழியில் என்னைக் கண்டால் தலையசைப்பார்கள். தலையசைப்புக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

மனைவி முன்னரே காலமாகிவிட்டாள். மகன் கொச்சியில் கப்பல் சரக்கு அலுவலகமொன்றில் பணிபுரிகிறான். ஞாயிறுதோறும் தவறாமல் அழைப்பான். “சாப்பிட்டீங்களாப்பா?” என்பான். “சாப்பிட்டேன்” என்பேன். அதற்குமேல் இருவரிடமும் சரக்கு இருப்பதில்லை. ஆயினும் அழைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனம் வராமல், அங்குள்ள மின்விசிறியின் சத்தத்தை நானும், இங்குள்ள மழையின் சத்தத்தை அவனும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருப்போம்.

கடைக்கு மேலே உள்ள அறைக்கு வாடகைக்கு வந்தவர் ஓர் ஆசிரியை. பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கோவிந்தாபுரத்தில் பிறந்தவர். எங்களூர் ஹையர் செகண்டரிப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் காமர்ஸ் கற்பிக்க மாற்றலாகி வந்திருந்தார். அவருடைய தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ங்க’ இருந்தது. எங்கள் முன்னோர் தெற்கேயிருந்து கொணர்ந்த பேச்சுக்குப் பழகிய என் செவிக்கு, யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பேசுவதைப் போல அது கேட்டது.

வகுப்பில் தமக்கு நேர்ந்த துன்பத்தை அவர் ஒருநாள் மாடிப்படியில் நின்றபடியே சொன்னார். பாடநூலில் ‘சந்தை ஆய்வு’ என்றொரு பாடம் இருக்கிறதாம். அதன் வரையறையைப் பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்களாம்; எழுதிவிட்டுச் சன்னல் வழியே மூடுபனியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்களாம். ஆகவே வகுப்பறைச் சுவரில் விழும் புரொஜெக்டர் திரையிலேயே ஒரு சந்தையை நிறுவ அவர் முடிவு செய்திருந்தார். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு பொருளை உருவாக்குவார்கள். வெளியில் உள்ளவர்கள் தத்தம் கைப்பேசியில் அதைப் பார்த்துப் பதில் அளிப்பார்கள். பதில்கள் அந்தக் கணமே திரையில் நிறப்பட்டைகளாக உயரும்.

“ஏனுங்கய்யா, உங்க போன்ல நெட்டு வருதுங்களா?” என்று கேட்டார்.

“மழை இல்லேன்னா வரும் டீச்சர்.”

“அப்பச் செவ்வாக்கிழமை காலைல ஒரு பீரியடு எங்களுக்கு வாடிக்கையாளரா இருக்கோணுங்க.”

“கடை வச்சிருந்தவனப் போயி வாங்க வரச் சொல்றீங்களே.”

“வித்தது போதுமுங்க. இனிக் கொஞ்சம் வாங்கிப் பாருங்க.”

ஒரு நிபந்தனை விதித்தார். வாடிக்கையாளர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் முகத்துக்காக விற்பார்கள், பொருளுக்காக விற்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து. எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எனக்குக் கிடைத்தது ஏழு. மற்ற எண்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் தாய்மார்கள். அந்நேரத்தில் அவர்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள் என்பதையும், கைப்பேசி பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்டுச் சோற்றுப் பையின் அடியில் கிடக்கும் என்பதையும், எடுத்தாலும் மலைச்சரிவில் ரேஞ்சு கிடைக்காது என்பதையும் டீச்சர் அறிந்திருக்கவில்லை. அவர் சமவெளியில் வளர்ந்தவர். நான் அறிந்திருந்தேன். அறிந்தும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தையை வேறு நேரத்துக்கு மாற்றியிருப்பார். அப்போது ஏழாம் எண் பலவற்றில் ஒன்றாகியிருக்கும்.

முதற் செவ்வாயன்று காலையிலேயே முகம் மழித்து, பெட்டி போட்ட சட்டை அணிந்துகொண்டேன். என்னை எவரும் காணப்போவதில்லை என்பது தெரிந்தே இதைச் செய்தேன். வீட்டினுள் இருந்ததைவிடக் கடைக்குள் இணைப்பு நன்றாக வந்தது. இரும்புக் கதவின் ஓரத்து இடைவெளி அருகே பழைய நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். பள்ளி மணி ஓசை மேட்டிலிருந்து இறங்கி வந்தது. கைப்பேசியின் திரை வெளிச்சமுற்றது.

“வணக்கம் வாடிக்கையாளர்களே, எங்கள் நிறுவனத்தின் சார்பாக உங்களை அன்புடன் வரவேற்கிறோம்” என்று ஒரு பெண்பிள்ளை மனப்பாடமாய்ச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். “சிரிக்காதடி, கேக்குது” என்று அதே குரல் தாழ்ந்து வந்தது.

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும்; நான் தட்டெழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பொருளின் படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘வாங்குவேன்’ என்பதை அழுத்தினால் அந்தக் குழுவினர் மேலும் கேள்விகள் கேட்பர். ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினால், ‘நன்றி’ என்று ஒரு வரி தோன்றி, அப்பொருள் குறித்த உரையாடல் மூடிக்கொள்ளும்.

நான் ‘வாங்குவேன்’ என்பதை அழுத்தினேன்.

எங்கள் தொழிலில் அன்றைய முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். கடை திறந்ததும் முதலில் படியேறும் ஆள் வெறுங்கையுடன் திரும்பிவிட்டால், அன்று முழுவதும் வியாபாரம் படுத்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். அதை வாங்குவோரும் அறிவர். வாங்கும் எண்ணமில்லாதவர்கள் காலையில் கடைக்குள் வந்து வெறுமனே விலை கேட்கமாட்டார்கள். தவறிப்போய்க் கேட்டுவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் முதலில் படியேறியவன் நான். முதல் ஆளாய் நின்று பிள்ளைகளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல என் விரல் இசையவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் வாங்கினேன். ஏலக்காய் மணக்கும் மெழுகுவர்த்தியை வாங்கினேன். செய்தித்தாளில் செய்த பேனா ஸ்டாண்டை வாங்கினேன். யூகலிப்டஸ் இலை நிரப்பிய தலையணையை வாங்கினேன். அதன் வாடை எனக்கு ஒருகாலும் ஆகாது. இவற்றில் எதுவும் மெய்யாக என் கைக்கு வருவதில்லை. அனைத்தும் திரையில் நிகழும் வியாபாரம். வாரந்தோறும் என் பட்டை உயர்ந்தது. அது உயரும்போதெல்லாம் வகுப்பறையில் எழும் கூச்சல் கைப்பேசியிலும், அதைத் தொடர்ந்து சற்றே தாமதமாக மேட்டிலிருந்து காற்றிலும் வந்தது. ஒரே மகிழ்ச்சியை நான் இருமுறை கேட்டேன்.

நான்கு மாணவிகள் கொண்ட ஒரு குழு, பழைய ஃபிளெக்ஸ் பதாகைத் துணியில் கழுத்தில் மாட்டும் பை ஒன்றைக் காட்டியது. கொழுந்தெடுக்கும் பெண்கள் மழையில் கைப்பேசி நனையாமல் வைத்துக்கொள்வதற்கானது. நல்ல யோசனை. நான் வழக்கம்போல் அழுத்தினேன்.

“ஏழாம் வாடிக்கையாளரே, என்ன நிறத்தில் வேண்டும்?”

எனக்கு எந்த நிறமும் வேண்டியிருக்கவில்லை. ‘எதுவானாலும் சரி’ என்று எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதினால் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போவார்கள். அதுவே கடைசிக் கேள்வி என்பது திரையில் தெரிந்தது. எழுதியதை அழித்தேன்.

“எழுதுறாரு, அழிக்கிறாரு, எழுதுறாரு” என்றது ஒரு குரல். “என்னடி இவரு, கலரு கேட்டதுக்குக் கதையே எழுதுறாரு போல.”

‘பச்சை’ என்று எழுதினேன்.

“என்ன பச்சைங்க? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?”

‘இலைப்பச்சை’ என்றேன். எந்த இலை என்று கேட்டார்கள். வெற்றிலையா, வாழையிலையா என்று தங்களுக்குள் பூசலிட்டார்கள். ஒருத்தி பதாகைத் துண்டுகளைக் கேமராவின் முன் ஒவ்வொன்றாய்க் காட்டினாள். ‘இதைவிடச் சற்றே கறுப்பு’ என்றும், ‘இதைவிடச் சற்றே வெளுப்பு’ என்றும் எழுதினேன். மணி அடிக்கும்வரை அந்தப் பச்சை தாங்கியது. அத்தனை நீண்ட உரையாடல் எனக்கு அந்த ஆண்டில் வேறு வாய்க்கவில்லை.

மாலையில் டீச்சர் வந்து நின்றார். “எல்லாத்துக்குமே வாங்குவேன்னே வருதுங்க. புள்ளைங்களுக்கு ஒரே குஷி. ஆனா, பிடிக்காட்டி வேண்டாம்னு போட்டறலாமுங்க.”

“காலைல மொத ஆளு வேண்டாம்னு சொல்லக்கூடாது டீச்சர்.”

“அது கடைங்கய்யா. இது கம்ப்யூட்டருங்க.”

“ரெண்டும் யாவாரம்தான?”

அவர் சிரித்துவிட்டு மேலே போனார். சிரிப்பின் முடிவில் ஒரு சிந்தனை தொக்கி நின்றதை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் மெய்யான விற்பனை நாள் நடந்தது. திரையில் காட்டிய பொருள்களைப் பிள்ளைகள் செய்து கொணர்ந்து மேசைகளில் பரப்பியிருந்தார்கள். கொழுந்தெடுப்பு முடிந்து தாய்மார்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்பே போய்விட்டேன். அந்த நால்வரின் மேசைக்குமேல் கயிறு கட்டிப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தனையும் இலைப்பச்சை.

“வாங்க தாத்தா, பாருங்க. மழைக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள் நடுவில் நின்றவள். செவ்வாய்க்கிழமைகளில் ‘வணக்கம் வாடிக்கையாளர்களே’ என்னும் குரல். அதற்கு ஒரு முகம் இருந்தது. நெற்றியில் சிறிய தழும்பு இருந்தது. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். “போணி தாத்தாதான்!” என்று கூவி, நான் கொடுத்ததைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் விலகி, வேலியோரத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன்.

பெண்கள் வந்தார்கள். பையை விரித்தார்கள், மூடினார்கள், கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள். திரும்பவும் கயிற்றிலேயே தொங்கவிட்டார்கள்.

“ஏன்க்கா, நல்லால்லையா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. பச்சைப் பையி பச்சைத் தேயிலைக்குள்ள விழுந்துட்டா எங்கிட்டுப் போயித் தேடுறது?”

“போனு அடிச்சாத் தெரியும்ல?”

“அந்தச் சரிவுல ரேஞ்சு கெடச்சு எவன் எனக்கு அடிக்கப் போறான்?” என்றாள் இன்னொருத்தி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

பல்லாண்டுகள் அந்தப் பெண்களுக்குப் பொருள் விற்றவன் நான். அவர்கள் கேட்ட பிறகுதான் எனக்கும் அது தெரிந்தது. பச்சை என்று சொன்னபோது நான் தோட்டத்தை நினைத்திருக்கவில்லை. மணி அடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையே நினைத்திருந்தேன்.

“ஏழாவது ஆளு பச்சதான கேட்டாரு” என்று மேசைக்குப் பின்னால் ஒருத்தி முனகினாள்.

“அவரு எதக் காட்டுனாலும் வாங்குவேன்னு சொல்ற ஆளுடி. கல்லக் காட்டுனாலும் ரெண்டு குடுன்னுவாரு.”

அப்போது தழும்புக்காரப் பெண்ணின் தாயார் வந்து சேர்ந்தாள். பைகள் முழுவதையும் தைத்தவள் அவளே என்பது பேச்சில் புலப்பட்டது. பகலெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு, வீட்டுத் தையல் மிஷினில் அமர்ந்து அந்தத் தடித்த துணியைத் தைத்திருக்கிறாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

“அந்தாள மட்டும் என் கண்ணுல காட்டு” என்றாள். “ஃபிளெக்ஸத் தச்சுத் தச்சு ஊசி ஒடிஞ்சு கையில ஏறிருச்சு.”

“அம்மா, கோயில் திருவிழாவுக்கு இன்னும் கொஞ்சம் தச்சுக் குடும்மா. ஜிப்பு வச்சாப் போயிரும். கிராஃப்ல இதுதான் ஒசரமா நிக்குது.”

“அப்ப அந்தக் கிராஃபத் தைக்கச் சொல்லு.”

“இல்லம்மா. செவ்வாக்கிழம ஜிப்பு வச்சதக் காட்டப் போறோம். அதுக்கும் வாங்குவேன்னு வந்துச்சுன்னா தச்சுக் குடுப்பியா?”

தாயார் மகளைப் பார்த்தாள். கயிற்றில் தொங்கியவற்றைப் பார்த்தாள். “வந்துச்சுன்னா என்ன செய்ய, தச்சுத்தான தொலைக்கணும்” என்றாள்.

நான் வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த பச்சைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். மைதானத்தின் மறுபுறம் டீச்சர் நின்றிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. நான் யாரென்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதை இருவரும் அறிவோம். அந்த நிபந்தனை அன்று எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

திங்களன்று மாலை டீச்சர் படியேறும்போது, “நாளையோட சந்தை முடியுதுங்கய்யா. பரீச்சை வந்துருச்சு. அந்தப் பை குரூப்பு மட்டுந்தான் பாக்கி” என்றார். அதற்குமேல் சொல்லக்கூடாது என்று அவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டது போலத் தோன்றியது.

கடைசிச் செவ்வாய். ஒரே குழு, ஒரே பொருள். ‘வாங்குவேன்’ என்று அழுத்தினால் அந்தப் பீரியடு முழுவதும் எனக்கு உரியது. ஜிப்பின் நீளத்தைக் கேட்பார்கள், வாரின் அகலத்தைக் கேட்பார்கள், நான் எழுதி அழித்து எழுதுவதை எள்ளுவார்கள். ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் ஒரு வரி நன்றியோடு அனைத்தும் முடியும். வேறெந்தச் செவ்வாயும் இனி இல்லை.

அன்றும் முகம் மழித்தேன். அன்றும் அந்தச் சட்டையையே அணிந்தேன். மணி ஒலித்தது. பை திரையில் வந்தது. அதே பச்சை, மேலே ஒரு கறுப்பு ஜிப்பு.

நான் காத்திருந்தேன். வேறு எவரேனும் முதலில் அழுத்திவிடட்டும் என்பதற்காகவே காத்திருந்தேன். எவரோ ஒரு தாய், எங்கோ ஒரு வளைவில் ரேஞ்சு கிடைத்து, போணி செய்துவிட்டால், அதன் பிறகு நான் மறுப்பதில் தோஷமில்லை. மூன்று, ஐந்து, ஒன்பது என்று எல்லா எண்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. இரும்புக் கதவின்மேல் தூறல் விழத் தொடங்கியது.

“எங்கடி போனாரு நம்ம ஆளு?” என்றது ஒரு குரல்.

“வருவாரு. சட்டை மாட்டிட்டு இருப்பாரு.”

“போன்ல வாங்க எதுக்குடி சட்டை?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்த இருட்டில் தனியே சிரித்தேன். ‘நம்ம ஆளு’ என்னும் சொல்லைக் கடையில் இருந்தபோது எத்தனையோ பேரைக் குறித்து நான் சொன்னதுண்டு. என்னைக் குறித்து ஒருவர் சொல்லிக் கேட்டது நினைவில் இல்லை. இன்னும் சிறிது நேரம் அழுத்தாமலே இருந்தால் இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று தோன்றியது. அப்படியே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் பீரியடுக்கு முடிவு உண்டு. பதில் வராவிட்டால், பழைய பட்டையே உயர்ந்து நிற்கும். அந்தத் தாயார் மறுபடியும் மிஷினில் அமர்வாள்.

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன்.

“ஐயோ, இங்க பா—” என்னும் குரல் பாதியில் அறுந்தது. ‘நன்றி. இப்பொருள் குறித்த உங்கள் பங்கு நிறைவுற்றது’ என்று வரி தோன்றியது. சற்றே தாமதித்து மேட்டிலிருந்து ஏதேனும் ஓசை வரும் என்று கதவின் இடைவெளியில் காது வைத்தேன். தூறல் வலுத்துவிட்டது. பீரியடு முடியும் மணியும் எனக்குக் கேட்கவில்லை.

மாலையில் டீச்சர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக முன்னறைப் பெஞ்சில் அமர்ந்தார்.

“ஒரே ரகளைங்க. பீரியடு பூரா அதே பேச்சுத்தானுங்க. எதுக்கு வேண்டாம்னாரு, ஜிப்பு புடிக்கலையா, நெறம் புடிக்கலையான்னு. கடைசீல மொதல்ல அம்மாமாருகிட்ட நேர்ல கேட்டுட்டுத்தான் தைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்குச் சாங்காலம் கொழுந்து எடை போடற எடத்துக்கே போய்க் கேக்கப் போறாங்களாமா.”

“நல்லது டீச்சர்.”

“அதுல ஒருத்தி என்ன சொன்னான்னு கேளுங்க. ‘அந்த ஆளு வேண்டாம்னு சொல்லவே மாட்டாரு. அவரு செத்துப்போயிருப்பாரு. வேற யாரோ அவரு போனை எடுத்து அமுக்கிட்டாங்க’ன்னா.” சொல்லிச் சிரித்தவர், சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். “தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. வெளையாட்டுப் புள்ளைங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நானுங்களா? இருக்காருன்னு சொன்னனுங்க.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு மேலே போனார். அவருடைய காலடிகள் கூரைப் பலகைமேல் இங்குமங்கும் நடந்து, ஓரிடத்தில் அமர்ந்து, ஓய்ந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தை இல்லை. ஆயினும் பழக்கத்தினால் முகம் மழித்து, கடைக்குள் சென்று அமர்ந்தேன். முன்பு தராசு மாட்டியிருந்த ஆணியில் அந்தப் பையைத் தொங்கவிட்டு, கைப்பேசியை அதற்குள் வைத்தேன். பள்ளி மணி அடித்தது, பிறகு நெடுநேரம் கழித்து மறுபடியும் அடித்தது. உள்ளே கைப்பேசி ஒலிக்கவில்லை; பை இருந்த இடத்திலேயே தொங்கியது. இலைப்பச்சை நிறம்தான், ஆனாலும் வெறும் அலமாரிகளுக்கு நடுவே அதைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.